ஆயிரம் மீட்டருக்குள் ஒரு தலையணை

டிக்.

ஒரு மீட்டருக்கு ஒரு டிக். நீளமான கைப்பிடி, அதன் அடியில் சைக்கிள் சக்கரத்தில் பாதியளவு ஒரு சக்கரம், பக்கத்தில் எண் ஓடும் சின்னப் பெட்டி. தெருவோரமாக அதை உருட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வருவார். சக்கரம் ஒரு முழுச்சுற்று சுற்றியதும் உள்ளே ஒரு தகடு தட்டும். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்காவது குழாய் சொட்டினால் என்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் எண்ண மனம் வராது. எழுந்து போய்க் குழாயை இறுக்கிவிடுவேன்.

எங்கள் ஊரில் ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. அது நல்ல பள்ளி என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அரசு வெளியிட்ட நல்ல பள்ளிகளின் பட்டியலில் அது இருந்தது. பட்டியலில் ஏன் இருந்தது என்றால், அது நல்ல பள்ளி. இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அங்கே பிள்ளைகளைச் சேர்ப்பதில் அநியாயம் எதுவும் நடந்துவிடக் கூடாதே என்று அரசு மிகவும் கவலைப்பட்டு, நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு விதி செய்தது. பள்ளி வாசலிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் வசிக்கும் குழந்தைகளுக்கே இடம். ஏழை பணக்காரர் என்ற பேதமே கிடையாது. ஆயிரம் மீட்டருக்குள் வீடு பிடிக்கும் வசதியுள்ள எந்த ஏழையும் சேரலாம்.

விதியைக் கண்காணிக்க அருகாமைத் துறை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் அலுவலகம் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கால்மணி நேரம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

அப்போது நான் அரசாங்க அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். படிவம், சுற்றறிக்கை, விதிப் புத்தகம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் மக்களிடம் போகும். எழுத்து மட்டும் என் பொறுப்பு. அர்த்தம் வேறு யாருடைய பொறுப்பாகவோ இருந்தது. என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்களுக்கு ஆறு வயதில் ஒரே மகள். கட்டிலின் ஒரு மூலையில் தூங்க ஆரம்பித்து, விடிவதற்குள் நான்கு மூலையையும் பார்த்துவிட்டு வருவாள் என்பதால் அவள் அப்பா அவளுக்கு உருளை என்று பேர் வைத்திருந்தார். உருளையை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும். அந்த வருஷம் எங்களுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒரு தரகரைப் பிடித்தோம்.

"வீட்டைப் பாக்காதீங்க மேடம், தூரத்தைப் பாருங்க" என்றார் அவர். அவர் முதலில் காட்டியது ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பள்ளி வாசலிலிருந்து இருநூற்றுப் பத்து மீட்டர். நாங்கள் குனிந்து உள்ளே போனோம். உள்ளேயும் குனிந்தேதான் நின்றோம்.

"நிமிர முடியலையே சார்?" என்றார் என் கணவர்.

"படிக்கப் போறது பாப்பாதானே? அது நிமிர்ந்து நிக்குது பாருங்க."

"அது வளராதா?"

"வளர்ந்தா என்ன, அதுக்குள்ள ஸ்கூல்ல சேர்ந்திருக்குமே."

அடுத்தது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் அறை. போக ஏணி. ஏணியின் உயரத்தையும் சேர்த்து அளப்பார்களா என்று என் கணவர் கேட்டார். லிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு. "அது கோர்ட்டுல இருக்கு சார்" என்றார் தரகர். அந்த அறைக்கு அவர்கள் கேட்ட வாடகையைக் கேட்டதும் உருளையைத் தவிர நாங்கள் எல்லோரும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு பார்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அழைத்துப் போனார். இரண்டே அறை. தெருவிலிருந்து நுழைந்தால் சமையலறை, அதற்குப் பின்னால் படுக்கையறை, நடுவில் ஒரு நிலைச்சட்டம். அந்தச் சட்டத்தில் கண்ணுக்கு நேராக ஒரு ஆணி அடித்திருந்தது.

"இது எதுக்கு ஆணி?"

"அதுதான் மேடம் ஆயிரம்" என்றார் தரகர், கோயில் வாசலில் நிற்பவரைப் போல. "ஆணிக்கு இந்தப் பக்கம் அடுப்பு, உள்ள இருக்கு. அந்தப் பக்கம் படுக்கை, வெளிய போயிடுச்சு. அதனாலதான் உங்களுக்குக் கட்டுப்படியாகுற வாடகை. படுக்கையும் உள்ள இருந்திருந்தா உங்களை இந்தத் தெருவுக்கே கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்."

அங்கே முன்பிருந்தவர் இன்னும் காலி செய்து முடிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும் ஒல்லியான பெண். தரையில் உட்கார்ந்து புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ மாவு போல. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய சதுரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது.

"ஏங்க காலி பண்றீங்க? நல்ல இடமாச்சே" என்றேன்.

"நல்ல இடம் ஆயிடுச்சு, அதான்" என்றார் அவர்.

உருளை அந்தக் கறுப்புச் சதுரத்துக்கு முன்னால் போய் நின்றாள். அந்தப் பெண் எழுந்து வந்து, எங்கிருந்தோ ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, யானையின் முன்பாதியை வரைந்தார். "மீதியை நீ போடு. உன் பேரு என்ன?"

"உருளை. தூங்கும்போது உருளுவேன்."

"நல்லது. ஒரே இடத்துல கிடந்தா சலிச்சுப்போகும்."

அவங்களுக்கு வேலை இருக்கு என்று சொல்லி நான் மகளை இழுத்துக்கொண்டேன். யானைக்குப் பின்கால் வருவதற்குள் கிளம்பிவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. என் மனசு முழுக்க அந்த ஆணியில் மாட்டியிருந்தது.

குடிவந்த மறுநாளே அருகாமைத் துறைக்கு விண்ணப்பம் எடுத்துப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் வீட்டின் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படுக்கை வெளிய இருக்கே?"

"வாசல் உள்ள இருக்குங்களே."

"வாசல்லயா பிள்ளை வசிக்குது? விதி ஏழைப் படிங்க."

படித்தேன். *குழந்தையின் வசிப்பிடம் என்பது அக்குழந்தை வழக்கமாக உறங்கும் இடமேயாகும். உண்ணும் இடம், விளையாடும் இடம், கண்டிக்கப்படும் இடம் ஆகியன வசிப்பிடமாகக் கொள்ளப்படா.*

நான் அதை ஏற்கெனவே மூன்று முறை படித்திருந்தேன். என் மேசையில்தான் அது திருத்தம் பெற்றது. அதில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்ததற்காக மேலாளர் என்னைப் பாராட்டியதுகூட நினைவுக்கு வந்தது. எவ்வளவு பெரிய மடத்தனமாக இருந்தாலும் அதில் ஒரு பிழைகூட இல்லாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அன்று மாலையே கட்டிலைச் சமையலறைக்கு மாற்றினோம். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அதை எப்படிப் போட்டாலும் கால்மாடு நிலைச்சட்டத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குள் நீட்டியது. தலைமாடு மட்டும் ஆணிக்கு உள்ளே நின்றது.

"தலை உள்ள இருந்தா போதாதா?" என்றேன்.

"என்னைக் கேட்டா? லிஃப்ட்ல தலையை மட்டும் உள்ள நீட்டினா கதவு மூடாது. கவர்மென்டு எப்படியோ" என்றார் என் கணவர்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை வேளையில், தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக். டிக். பள்ளி வாசலிலிருந்து கிளம்பி ஒவ்வொரு மீட்டராகத் தட்டிக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி வந்தது. சக்கரத்தை உருட்டி வந்தவருக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். தெருவில் எல்லோரும் அவரைச் சக்கரத்தார் என்றார்கள். பின்னாலேயே ஒரு இளம்பெண், கையில் தடித்த நோட்டுடன். அவர் குறிப்பெழுத்தர். யார் வாயைத் திறந்தாலும் எழுதிக்கொள்வது அவர் வேலை.

சக்கரம் படியேறி உள்ளே வந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, அடுப்பு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, தண்ணீர்க் குடம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, தலையணை. அங்கே அவர் நின்று கட்டிலின் மறுமுனையைப் பார்த்தார்.

"அதாவது" என்றார். எதையும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். "அதாவது, பிள்ளையோட கால் வெளிய தூங்குதே."

"தலை உள்ளதான் சார் இருக்கு."

"இருக்கு. ஆனா தூக்கம் தலையில நடக்குதா, கால்ல நடக்குதா? விதியில அது இல்லையே."

"கால் மரத்துப் போறதுண்டு சார். அது தூங்குறதுல சேராது" என்றார் என் கணவர். குறிப்பெழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: *உறக்கம் தலையிலேயே நிகழ்வதாக மருத்துவத் துறை கருத்துத் தெரிவித்துள்ளது. கால்கள் உடன் செல்வனவே.* நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பள்ளிக்குச் சீருடைத் துணிகூட எடுத்துவிட்டேன்.

சக்கரத்தார் கையெழுத்துப் போட வந்தார். பேனாவைத் திறந்துவிட்டு, சும்மா ஒரு முறைக்காக, "பாப்பா, நீ இங்கதானே தலை வச்சுத் தூங்குற?" என்று கேட்டார்.

"படுக்கும்போது அங்க" என்றாள் உருளை. "எழுந்திருக்கும்போது தலை அந்தப் பக்கம் போயிருக்கும். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில இருந்தேன்."

பேனா மூடிக்கொண்டது.

"அதாவது, இது எல்லை தாண்டிய உறக்கம்."

"குழந்தை சார், ஏதோ சொல்லுது."

"குழந்தை சொன்னாலும் வாக்குமூலம் வாக்குமூலம்தான்" என்றார் குறிப்பெழுத்தர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதன் பிறகு எங்கள் பெயரில் நேரடி உறக்க ஆய்வு என்று ஒன்று நிர்ணயிக்கப்பட்டது. துறை அதிகாரிகள் முன்னிலையில் குழந்தை உறங்க வேண்டும், தலை ஆணிக்குள் நிற்க வேண்டும். நேரம், அலுவலக நேரமான காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ராத்திரியில் வந்து பார்க்கலாமே என்று கேட்டேன். ராத்திரியில் நடப்பவை துறையின் வரம்புக்குள் வராது என்றார்கள்.

இதற்கிடையில் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. எல்லைக்கோட்டில் வீடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாதவர்களும், இவ்வளவு பேர் ஓடினால் காரணம் இருக்கும் என்று பின்னால் ஓடினார்கள். ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு மனநல நிபுணர், அடுப்பின் மிதமான சூடு குழந்தையின் நினைவாற்றலைத் தூண்டுகிறது என்று எழுதினார். கட்டில் கடைகளில் அடுப்படிக் கட்டில் என்று குட்டையாக ஒன்று வந்தது. பணக்காரர்களுக்கு அது கடைந்த கால்களோடு கிடைத்தது. என் நாத்தனார் அடுத்த ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது. அவளும் வந்து நின்றாள்.

"அண்ணி, நாங்களும் மாத்திட்டோம். என்ன சுகமா இருக்கு தெரியுமா!"

"உனக்குப் பிள்ளையே இல்லையே?"

"அதனால என்ன? நாங்க ரெண்டு பேரும்தான் படுக்கிறோம். அவருக்கு இப்பல்லாம் எவ்வளவு ஞாபகம் இருக்குங்கிறீங்க! போன வருஷம் நான் சொன்னதையெல்லாம் எடுத்து வச்சுச் சண்டை போடுறார்."

ஆய்வு நாள் வந்தது. காலை பத்தரைக்கு உருளையைக் குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, வெளிச்சம் வராமல் சன்னலுக்குப் போர்வை கட்டிப் படுக்கவைத்தேன். சக்கரத்தார் கட்டில் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். குறிப்பெழுத்தர் அடுப்பு மேடையில் நோட்டை விரித்துக்கொண்டார். ஒரு வருஷமாக நாங்கள் ஓடிய ஓட்டமெல்லாம் இந்தக் குழந்தையின் இரண்டு இமைகளில் வந்து நின்றது.

இமைகள் மூடவே இல்லை.

"தூங்கு கண்ணு."

"இப்பத்தானே எழுந்தேன்?"

"தூங்கற மாதிரி இரு போதும்."

"நடிப்பு ஏற்கப்படாது" என்றார் குறிப்பெழுத்தர்.

உருளை சக்கரத்தாரைப் பார்த்தாள். "மாமா, நீங்க எங்க தூங்குவீங்க?"

"பஸ்ஸுல" என்றார் அவர் யோசிக்காமல். பிறகு என்னைப் பார்த்துச் சங்கடமாக, "அதாவது, வீடு ரொம்பத் தூரம்மா. விடியறதுக்கு முன்னாடி கிளம்பினாத்தான் ஆபீஸ். ஆபீஸ்லேருந்து சக்கரத்தை எடுத்துட்டு இங்க வர மறுபடி ரெண்டு பஸ்" என்றார்.

தாலாட்டுப் பாடலாமா என்று கேட்டேன். தாலாட்டு வெளித்தூண்டுதல் ஆகும் என்றார் குறிப்பெழுத்தர். வேறு என்ன செய்யலாம் என்றேன். துறையின் விதிப் புத்தகத்தை உரக்கப் படிக்கத் தடையில்லை என்றார். எடுத்துப் படித்தேன். அச்சகத்தில் படிக்கும் அதே குரலில், ஒரு சொல்லையும் உயர்த்தாமல், ஒரு சொல்லையும் தாழ்த்தாமல். *மேற்படி இல்லத்தின் மேற்படி அறையானது மேற்படி எல்லைக்குள்...* விதி நான்கின் உட்பிரிவு இரண்டில் முக்காலி கிறீச்சிட்டது. விதி ஐந்தில் சக்கரத்தார் கட்டில் விளிம்புக்கு மாறி உட்கார்ந்தார். உருளை பெருந்தன்மையோடு நகர்ந்து இடம் கொடுத்தாள். விதி ஏழுக்கு நான் வருவதற்குள் அவர் தலை தலையணையில் இருந்தது. நல்ல, ஆழ்ந்த, நியாயமான தூக்கம். ஒரு அங்குலம்கூட உருளவில்லை.

"அம்மா, மாமா தூங்கிட்டார்" என்றாள் உருளை மெதுவாக.

குறிப்பெழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு எழுதினார். நான் அந்த நோட்டைத் தலைகீழாகவே படித்தேன். என் தொழிலில் அது பழக்கம். *பதினொன்று நாற்பத்திரண்டுக்கு உறக்கம் தொடங்கியது. தலை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது மீட்டரில். இடம் பெயரவில்லை.*

"என்னங்க எழுதுறீங்க? தூங்கறது அவருங்க!"

"படிவத்துல உறங்கியவர் தலை எங்க இருந்ததுன்னுதான் கட்டம் இருக்கு. யாரோட தலைன்னு கட்டம் இல்ல."

அந்தப் படிவமும் என் மேசையில்தான் சரிபார்க்கப்பட்டது. எல்லாக் கட்டங்களும் சரியாக இருந்தன. இல்லாத கட்டத்தைத் தேடுவது என் வேலையாக இருந்ததில்லை.

பத்து நாளில் ஆணை வந்தது. மேற்படி இல்லத்தில் வழக்கமாக உறங்குபவர் ஆய்வில் ஐயமின்றி உறுதியானதால், அவருடைய மகனுக்கு நல்ல பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இடம் வழங்கப்பட்டிருந்தது. சக்கரத்தாருக்கு ஆறு வயதில் ஒரு மகன் இருந்தான்.

மீண்டும் இரண்டு பஸ். மீண்டும் கவுன்ட்டர்.

"என் பொண்ணுக்கு என்ன ஆச்சு சார்?"

அவர் கோப்பைப் புரட்டினார். "உங்க பொண்ணு ஆய்வு நேரத்துல தூங்கலை."

"ஆமா."

"தூங்குற இடம்தான் வசிப்பிடம். அது எங்கயும் தூங்கலை. அப்ப எங்கயும் வசிக்கலை."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதோ நிக்குதே சார்!"

"நிக்கிற இடம் கணக்குல வராதும்மா."

உருளை அவரைக் கும்பிட்டாள். எங்குமே வசிக்காத குழந்தையிடம் அவ்வளவு மரியாதை இருந்தது அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்து அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

எந்த இடத்திலும் வசிக்காத பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? பட்டியலில் இல்லாத பள்ளியில்தான். ஒரு பஸ் தூரத்தில், ஒரு டயர் கிடங்கை ஒட்டி அப்படி ஒன்று இருந்தது. தகரக் கூரை. தலைமையாசிரியர் தானே மணியடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு தூரத்துல இருக்கோம்னு அளக்கணுமா சார்?" என்றேன்.

"எதுக்கு?"

"பிள்ளை எங்க தூங்குதுன்னு..."

"வகுப்புல தூங்காம இருந்தா சரி" என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார்.

ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றோம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஒல்லியான பெண். நகக்கண்ணில் வெள்ளை.

"வா உருளை. யானை முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது. வாலைத்தான் கடைசியாப் போட்டேன்" என்று சொல்லி உள்ளே ஓடிவிட்டாள். நாங்கள் குடிவந்த அன்றைக்கே, சாமான் அடுக்கியது பாதியில் நிற்க, அடுப்புப் பக்கத்தில் முழங்காலிட்டு அவள் அதை முடித்திருந்தாள். நான் கவனித்திருக்கவில்லை.

"நீங்க டீச்சரா?" என்றேன்.

"பதினாறு வருஷமா. அந்தப் பள்ளிக்கூடத்துலதான், ஒண்ணாங்கிளாஸ்."

"அதை விட்டுட்டு ஏன் இங்க?"

"நான் எங்க விட்டேன்? நல்ல பள்ளிக்கூடம்னு பேர் வந்துச்சு, வாடகை ஏறிடுச்சு. என் சம்பளத்துல ஆணிக்கு வெளியில இருக்கிற படுக்கையறைகூடக் கட்டுப்படியாகலை. இந்தப் பக்கம்தான் வீடு கிடைச்சது. தினம் போக வர ரெண்டு மணி நேரம். ஒரு நாள் பஸ்ஸுல வரும்போது இந்தக் கூரையைப் பார்த்தேன், இறங்கிட்டேன்." அவர் சிரித்தார். "நான் மட்டும் இல்ல. அங்கேருந்து ஆறு பேர் இப்ப இங்கதான்."

"உங்க வீட்டுக்கு நாங்கதான்..."

"தெரியுமே. நல்ல வெளிச்சமுள்ள சுவர் அது. அடுப்புல ஏதாவது கொதிக்கிற நேரத்துல மறுநாள் பாடத்தை எழுதிப் பார்ப்பேன்."

அந்த ஒரு வருஷம் உருளை படித்ததுபோல் அதற்குப் பிறகு படித்ததில்லை. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் குரல் கேட்காது என்று டீச்சர் சைகையிலேயே பாடம் நடத்துவாராம். அதற்காகவே பிள்ளைகள் மழைக்குக் காத்திருந்தார்கள்.

சக்கரத்தார் வாரத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். பதிவேட்டின்படி அவர் எங்கள் சமையலறையில் வசித்ததால் அவருடைய கடிதங்கள் எல்லாம் அங்கேதான் வந்தன. தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொள்வார். உருளைக்கு எப்போதும் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுவருவார். பையனை விடிவதற்கு முன்னால் எழுப்பித் தன்னோடு பஸ்ஸில் கூட்டிவந்து பள்ளியில் விடுவதாகச் சொன்னார்.

"நல்லாப் படிக்கிறானா?"

"அதாவது, நாலு மாசமா அந்த வகுப்புக்கு டீச்சர் இல்லம்மா. ஆனா பட்டியல்ல முதல் இடம். பட்டியலேருந்து எடுக்கணும்னா அதுக்குப் படிவம் இல்லையாம்."

அடுத்த வருஷப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. தேர்வு முடிவுகளைப் பார்த்துப் புதிதாக நாலு பள்ளிகளைச் சேர்த்திருந்தார்கள். முப்பத்தொன்றாவது வரியில் டயர் கிடங்குப் பள்ளியின் பெயர். ஒரு எழுத்தும் பிசகவில்லை. பிழையில்லை என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று பெருமையாகக்கூட இருந்தது. அச்சகத்தில் எல்லோரிடமும், எங்க பள்ளிக்கூடம் பட்டியல்ல வந்திருக்கு என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்ப அங்கயும் ஆயிரம் மீட்டரா?"

ஆமாம். ஏற்கெனவே படிக்கும் குழந்தைகளுக்கும் விதி பொருந்தும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதையும் நான் படித்திருந்தேன்.

அதே தரகரிடம் போனோம். டயர் கிடங்குத் தெருவில் அதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் மீட்டர் கணக்கு எழுதிப் பலகை மாட்டிவிட்டார்கள். "உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். அறுநூற்று நாற்பது. படுக்கை, அடுப்பு, எல்லாமே உள்ள" என்று அழைத்துப் போனார். பள்ளி பட்டியலில் வந்தபின் அங்கும் வாடகை ஏறியிருந்தது. ஆனால் எங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் எட்டிவிடும் உயரம்தான்.

கதவைத் தள்ளினோம். டீச்சர் தரையில் உட்கார்ந்து புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

உருளை ஓடிப்போய் அவர் தோளில் தொங்கினாள். என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

"வாங்க, உள்ள வாங்க" என்றார். "உங்களைத் தவிர வேற யாரு வருவான்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். குழாய் மட்டும் கொஞ்சம் ஒழுகும், பாத்துக்கோங்க."

"நாங்க வேண்டாம்னு சொல்லிடறோம் டீச்சர்" என்றேன்.

"சொன்னா?"

தரகர் பின்னாலிருந்து, "வெளிய மூணு பேர் நிக்கிறாங்க மேடம்" என்றார்.

நாங்கள் வேண்டாம் என்றால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார், டீச்சருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறதா என்று இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணில் படவில்லை. முன்பணத்தைக் கொடுத்தோம்.

"நீங்க எங்க போவீங்க?"

"பள்ளிக்கூடமே இல்லாத பக்கம் பாத்து ஒண்ணு பிடிச்சிருக்கேன். அங்கதான் வாடகை ஏறாது" என்றார். அது அருகாமைத் துறை அலுவலகத்தை ஒட்டிய தெரு. சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லாததால் ஊரிலேயே மலிவான இடம் அதுதான்.

குடிவந்து ஒரு மாதம் கழித்து, காலையில், தெருமுனையில் டிக் டிக் என்று கேட்டது. சக்கரத்தாரின் நடையைவிட மெதுவாக, ஒவ்வொரு மீட்டரையும் முடிந்ததா என்று கேட்டுவிட்டு நகர்வது போல வந்தது. கதவைத் திறந்தேன். டீச்சர் நின்றிருந்தார், கையில் சக்கரத்தோடு. பள்ளிக்கூடம் எதுவும் எட்டாத அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வேலை அருகாமைத் துறையில்தான் இருந்தது.

உள்ளே வந்து கட்டிலின் தலைமாட்டில் சக்கரத்தை நிறுத்தினார். எண்ணைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அங்கே உருளை அரைகுறையாக ஒரு யானையை வரைந்து வைத்திருந்தாள்.

"ஆயிரத்துக்குள்ள இருக்கு. பாப்பாவுக்கு இடம் உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார், "ஒண்ணாங்கிளாஸுக்கு இப்ப யாரு எடுக்கிறாங்க?"

"இன்னும் யாரையும் போடலை" என்றேன்.

டீச்சர் ஓய்வு பெறும்வரை அருகாமைத் துறையிலேயே வேலை பார்த்தார். அளப்பதில் அவர் ஒரு தவறுகூடச் செய்ததில்லை.